மிலாக்ரோஸ் நீட்டிய கால்

மகள் பட்டம் வாங்கினால் ஸ்பெயினின் மேற்குக் கோடியில் இருக்கும் புனித சந்தியாகப்பர் கல்லறைவரை நடந்தே வருவதாக மிலாக்ரோஸ் நேர்ந்துகொண்டிருந்தாள். மகள் நியேவெசுக்கு அதில்தான் எரிச்சல். "கண்ணு முழிச்சுப் படிச்சது நான். சந்தியாகப்பரா வந்து பரீட்சை எழுதினாரு?" என்று கோதுமை வயல்களுக்கு நடுவே அன்றைய இருபது கிலோமீட்டரும் பொருமிக்கொண்டே வந்தாள்.

"வாய் வலிக்கலையாடி உனக்கு?" என்றாள் அம்மா. அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. முப்பது வருடமாக பூர்கோஸ் நகரில் அடுத்தவர் வீட்டுத் தரையை மண்டியிட்டுத் துடைத்த கால் அது.

சாயங்காலம் ஆற்றுப் பாலத்தருகே இருந்த யாத்ரிகர் விடுதியில், அங்கத்திய வழக்கப்படி, வந்தவர்களை உட்காரவைத்துக் கால் கழுவினார்கள். மிலாக்ரோஸ் முன்னால் மண்டியிட்டவர் தோன் எவாரிஸ்தோ, அங்கே தொண்டு செய்ய வந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி. அம்மா முன்னால் யாரும் மண்டியிட்டு நியேவெஸ் பார்த்ததே இல்லை.

கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது. அவ்வளவுதான், மிலாக்ரோஸ் எழுந்து அவர் தோளில் கிடந்த துண்டைப் பறித்துக்கொண்டு குனிந்தாள். "நீங்க எழுந்திருங்க ஐயா, நான் துடைச்சிடறேன்."

நியேவெஸ் அம்மாவின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "உக்காரும்மா! ஒரு நாளாவது உக்காரு."

"நீங்க உக்காந்து, நான் கழுவி முடிச்சாத்தாம்மா எனக்கு இன்னிக்குச் சாப்பாடு," என்றார் நீதிபதி.

மிலாக்ரோஸ் தயங்கித் தயங்கி உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் கழுவி முடித்ததும் உற்றுப் பார்த்தாள்.

"சுண்டுவிரல் இடுக்கை விட்டுட்டீங்களே, ஐயா."

அவர் சிரித்துக்கொண்டே மறுபடி தண்ணீர் மொண்டார். பல வருடமாகப் ஞாயிறு பூசைக்கே போகாத நியேவெஸ், அம்மாவை இப்படி உட்காரவைத்ததற்காக அந்த மனிதருக்கும் சந்தியாகப்பருக்கும் சேர்த்தே நன்றி சொன்னாள்.