நெஞ்செரிச்சல் மாத்திரை

பொன்னேரிக்கரையில் வேனை நிறுத்திவிட்டு, கடைசியாக ஏறவேண்டிய பெண்களுக்காகத் தேவசகாயம் காத்திருந்தான். நெஞ்சுக்குழி எரிந்தது. இரவு ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்படியே காலை ஷிப்டுக்கு வந்திருந்தான். இன்னொரு டிரைவரைப் போடுவதாகக் காண்ட்ராக்டர் கோதண்டபாணி சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. டாக்டரிடம் போக நேரமில்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையில்தான் காலம் ஓடியது. அன்று ஒன்றுக்கு அடங்காததால் இன்னொன்றையும் போட்டு, வெறும் டீயைக் குடித்திருந்தான்.

ராஜகுளம் தாண்டியதும் சாலையின் வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் ஜல்லி லாரி ஒன்றின் பின்பக்கம் முகத்துக்கு நேரே நின்றது. பிரேக்கை மிதித்தான். தூங்கிக்கொண்டு வந்த பெண்கள் முன்சீட்டுக் கம்பியில் மோதி விழித்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகாசினி அவன் முகத்தைப் பார்த்தாள். செல்போன் கம்பெனியில் அவளும் மற்றவர்களும் தினக்கூலிக்கு வேலை செய்பவர்கள்.

"அண்ணா, ஓரமா நிறுத்து. உனுக்கு வேர்த்து ஊத்துது."

"லேட்டாப் போனா கேட்ட சாத்திடுவான்மா."

"சாத்தட்டும். நீ நிறுத்து."

நிறுத்தி இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. சுகாசினியும் வயதில் மூத்த ரேணுகாம்பாளும் தோளைத் தாங்கி, அருகிலிருந்த சுகாதார நிலையத்துக்கு நடத்திப் போனார்கள். டாக்டரம்மா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பெரும்பாலானவர்களை இது ஒன்றும் செய்யாது, சிலருக்குத் தலை சுற்றும், கண் மங்கும் என்றார். சோறும் தூக்கமும் இல்லாத உடம்பு வேறு. நன்றாகத் தெளியும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று கண்டித்து, வேறு மருந்து கொடுத்து அனுப்பினார்.

ரேணுகாம்பாள் மதியத்துக்கு வைத்திருந்த இட்லியை அவன் கையில் வைத்தாள். தின்றதும் பின்சீட்டில் படுக்கச் சொன்னார்கள். மற்ற கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியும் அவனை எழுப்பவில்லை. தானாக விழித்தபோது வெயில் ஏறியிருந்தது, தலை தெளிந்திருந்தது.

"நீ சொல்லலன்னா நான் நிறுத்தியிருக்க மாட்டேன்மா," என்றான் சுகாசினியிடம்.

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீதுணா. நிறுத்தச் சொல்லாம வுட்ருவனா?" என்றாள் அவள்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி கதவைத் திறக்கவில்லை. மதியச் சங்குக்கு அப்புறம்தான் உள்ளே விடுவானாம், அரைநாள் சம்பளம் பிடித்தமாம். தப்பு தன்னுடையது என்று தேவசகாயம் சொல்லிப் பார்த்தான். செக்யூரிட்டி தனக்கு வந்த உத்தரவைத் திருப்பிச் சொன்னான்.

பெண்கள் துப்பட்டாவையும் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டு மதிலோரம் நின்றார்கள். வீட்டுக்குப் போய்த் தூங்கும்படி அவனுக்குக் கை காட்டினார்கள். அவன் போகவில்லை. வேனை மெதுவாகப் பின்னெடுத்து, நிழல் அவர்கள்மேல் விழும்படி மதிலை ஒட்டி நிறுத்தினான். மூடிய கதவுக்கு முன்னால், அந்த ஒடுங்கிய நிழலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்தார்கள்.