நழுவாத ரீல்

என் வீட்டுக்காரர் அய்யாதுரைக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் நம்புகிற மாதிரியாவது சொல்லித் தொலைத்திருப்பார். விருதுநகர் சீனிவாசகம் அண்ணாச்சி தன் மகனுக்கு எங்கள் மகள் பத்திரகாளியைக் கேட்டு முதன்முதலாகச் சிவகாசிக்கு வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, "பினாங்குல இருந்தப்ப ஞாயித்துக்கிழமையானா ரீல் தூண்டிலோட போயிருவேன். ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடலை" என்றார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? "நமக்கும் அந்தக் கிறுக்கு உண்டு அண்ணாச்சி" என்று இவர் சொல்லிவிட்டார். சந்தையில் வாங்கி வந்த குரவை மீன் வாளியை விட்டுத் துள்ளி விழுந்தால், பிடிக்க என்னைக் கூப்பிடுகிற ஆள் இவர்.

சீனிவாசகத்துக்கு ஒரே சந்தோஷம். கார்த்திகையில் கண்மாய் பெருகட்டும், இரண்டு குடும்பமும் சேர்ந்து போவோம், அன்றைக்கே தேதி குறித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இது நடந்தது அறுபத்தோராம் வருஷம். பத்திரகாளி அதற்கு முன் இரண்டு வரன்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். சீனிவாசகத்தின் மகன் இராமகிருஷ்ணன் படத்தைக் காட்டியபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தன் தையல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அவளை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் ஆசையைத்தான் இவர் தூண்டிலில் கட்டித் தொங்கவிட்டார்.

ரீல் வாங்க மதுரைக்குப் போனோம். சீமைச் சாமான் விற்கிற கடையில் மூன்று ரீல்கள் இருந்தன. கைப்பிடியைச் சுற்றினால் நைலான் நூலை உருளையில் சுற்றிக்கொள்கிற மிஷின், அவ்வளவுதான். ஒன்றின் விலை எண்பத்தைந்து ரூபாய். அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. இவர் கொண்டுபோனது நாற்பது. மற்ற இரண்டும் தலா நாற்பதுதான். ஒன்று பிரெஞ்சுக்காரன் செய்தது, கைக்கு அடக்கமாக, சத்தமில்லாமல் சுற்றியது. இன்னொன்று எந்த ஊரில் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கருகருவென்று இருந்தது. சுற்றினால் மாவு மிஷின் சத்தம்.

எடுத்தவுடன் இவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்துப் பலசரக்குக் கடையில் தராசு இரவல் வாங்கிவரச் சொன்னார். இரண்டையும் தட்டில் வைத்தார். கருப்பு ரீலின் தட்டு தரை தட்டியது.

"சார், கனம் பாக்கிற சாமான் இல்லை இது. நாள் பூரா கையில வச்சு வீசணும். லேசா இருந்தாத்தான் நல்லது" என்றார் கடைக்காரர்.

"காலண்டர் அடிக்கிறவன்கிட்டயா கனத்தைப் பத்திச் சொல்றீக? இருபத்தெட்டுப் பவுண்டு பேப்பரும் நாப்பது பவுண்டு பேப்பரும் ஒரே விலைக்குக் கிடைச்சா, எவனாவது இருபத்தெட்டை எடுப்பானா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கேட்டுவிட்டு, பெரிய வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். உலகத்தில் உள்ள சாமான் எல்லாம் பேப்பர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது?

இவர் தெருவில் நின்று ஜட்கா வண்டிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் ரீலைப் பொட்டலம் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அம்மா, முன்பக்கத்துத் திருகை ரொம்ப இறுக்க வேண்டாம்னு சார்கிட்ட சொல்லிருங்க. பெரிய மீன் இழுக்கையில உருளை நழுவிக் கொஞ்சம் நூல் ஓடணும். இல்லைன்னா அத்துரும்." நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கிர்ரென்று உருளை சுற்றி நூல் வெளியே வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஏமாத்திப்புட்டான்! நழுவுது!"

இவர் காலண்டர் அடிக்கிற லித்தோ அச்சில் பேப்பர் ஒரு மயிரிழை நழுவினால் போதும். முருகன் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும், காலண்டர் ஆர்டர் திரும்பி வந்துவிடும். இருபது வருஷமாக நழுவலைத் திட்டியே பிழைத்தவர். அந்த நிமிஷமே கம்பெனிக்கு எடுத்துப்போய், மெக்கானிக் சோலைமலையிடம் கொடுத்துத் திருகை இறுக்கி, உருளையில் துளை போட்டு ஓர் ஆணியும் அடித்துக்கொண்டு வந்தார்.

"இப்ப இழு பாப்போம்."

இழுத்தேன். அசையவில்லை.

"அடேயப்பா!" என்றேன்.

கடைக்காரர் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே கேட்டு ஆணியைப் பிடுங்கியிருப்பார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தராசு பிடித்து வாங்கிய கெட்டிக்காரத்தனம் எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

கார்த்திகையில் நல்ல மழை. ஆனைக்குட்டம் பக்கத்துக் கண்மாய் ததும்பி நின்றது. சீனிவாசகம், அவர் சம்சாரம், நாங்கள் இருவர், இந்தச் சம்பந்தத்துக்கு முதலில் பேச்செடுத்த உறவுக்காரி அய்யம்மாள் மதினி, ஐந்து பேரும் போனோம். கட்டுச்சோறு கரையில் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தேதி பேசுவதாக ஏற்பாடு.

இவர் தவளையைக் கோர்த்து வீசினார். முதல் வீச்சு வேலிக்கருவையில் மாட்டியது. இரண்டாவது அவர் துண்டையே எடுத்துக்கொண்டு போனது. மூன்றாவது எப்படியோ அல்லிக்கொடி ஓரம் விழுந்தது. விழுந்த மறு நிமிஷம் தண்ணீர் வெடித்தது. விரால். தொடை தண்டி இருக்கும்.

"சுத்தாதீக, ஓட விடுங்க! ஓட விடுங்க!" என்று கத்தினார் சீனிவாசகம்.

எங்கே ஓட விடுவது? ஆணி அல்லவா அடித்திருக்கிறது! தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். படீரென்று நூல் அறுந்தது. இவர் சேற்றில் மல்லாக்க விழுந்தார்.

சீனிவாசகம் ஓடிப்போய்த் தூக்கினார். ரீலைத் திருப்பிப் பார்த்து, "ஆணியை எடுத்துட்டா சரியாப் போயிரும். நானும் முதல்ல ரெண்டு ரீலை ஒடைச்சவன்தான்" என்று தோளில் தட்டினார்.

நான் சிரித்தேன். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு. "கடைக்காரர் அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு அண்ணாச்சி, இறுக்கக் கூடாதுன்னு. இவுக எம்புட்டுத் தூரம் போறாகன்னு பாப்போம்னுதான் பேசாம இருந்தேன். இருபத்திரண்டு வருசமா இந்த மூளையை வச்சுக்கிட்டுத்தான் குடும்பம் நடத்துறேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. இவர் வேட்டி நுனியால் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டோம். தேதிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நாலாம் நாள் அய்யம்மாள் மதினி வந்தாள். பத்திரகாளி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். மதினி எங்கள் இருவரையும் உட்கார வைத்து, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அவுகளுக்குச் சரிப்பட்டு வரலையாம். மீன் போனதைப் பத்தியோ ரீலைப் பத்தியோ ஒரு வார்த்தை இல்லை. தம்பி அய்யாதுரையை நல்ல மனுசன்னுதான் சொல்றாக. 'தெரிஞ்சதைச் சொல்லாம வச்சிருந்து, கட்டினவன் சேத்துல விழவும் நாலு பேர் முன்னால சிரிக்கிற தாய். அந்தத் தாய்கிட்ட வளந்த பிள்ளை என் மகனை என்னமா நடத்தும்?' இதான் கேட்டாக. நான் என்ன பதில் சொல்ல?"

இவர் எழுந்து, மதினியை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது பேசலாம். அதற்கும் வழியில்லை.

பத்திரகாளி வந்தாள். வாசலிலேயே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்னப்பா, விருதுநகர்ல இருந்து தகவல் வந்துச்சா?" என்றாள்.

நான் எழுந்திருக்கும் முன் இவர் முந்திக்கொண்டார்.

"வந்துச்சும்மா. வேண்டாம்னுட்டாக. எல்லாம் என்னாலதான். மீன் பிடிக்கத் தெரியும்னு பொய் சொன்னேன்ல? ரீலைப் பாத்துட்டு, இவனை நம்பி எப்படிச் சம்பந்தம் பண்றதுன்னு நினைச்சுட்டாக. அப்பா தப்பு பண்ணிட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு பக்கமாக உதட்டைச் சுழித்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு ரீல் வாங்கக்கூடத் துப்பில்லையாப்பா உங்களுக்கு? உங்களை நம்புனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

என் சுழிப்பு, என் குரல், என் வார்த்தை. ஒன்று பாக்கியில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு, எனக்குப் பழக்கமான அதே மாதிரி கேட்டுக்கொண்டார். உண்மையை நான் சொல்லியிருக்கலாம். மகள் என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்கவும் கேட்டாள்.

"நான் என்னத்தைச் சொல்ல? உங்கப்பாதான் சொல்லிட்டாகளே" என்றேன்.