முறுகல் பக்கம்

மின்சார அடுப்பைப் பழுதுபார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அவன் வீட்டு அடுப்பின் கம்பிச்சுருள் மட்டும் ஏழு வருடமாக ஒரு பக்கம் தாழ்ந்தே கிடந்தது. வாணலி பாதிதான் சுருளில் பதியும். பதிந்த பக்கம் ஆம்லெட் முறுகும். மறு பக்கம் வேகாமல் வழவழவென்று நிற்கும்.

"ஊர்ல இருக்கற அடுப்புக்கெல்லாம் டாக்டர். நம்ம வீட்டுக்கு வந்தா மட்டும் டாக்டருக்கு லீவு" என்பாள் அவன் மனைவி.

"ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்" என்பான். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்ன, அவை பாட்டுக்கு வந்து போயின. கடைசியில் அவளே, "விடுங்க, பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சோம்பேறிக்கு அது வசதியாகப் போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

ஒன்பது வயது மகள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆம்லெட் என்றால் உயிரை விடுகிறவள், இப்போது அதையும் ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறாள். இத்தனைக்கும் அவன் முறுகிய பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மெத்தென்று இருந்த பாதியைத்தான் கொடுத்தான். போன வாரம் பள்ளிக்கூடத்தில் அவள் மயங்கி விழுந்ததாக டீச்சர் போன் செய்தபோது அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பு சரியாக இருந்தால் பிள்ளை சாப்பிடும் என்று முடிவு கட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சுருளைக் கழற்றினான். அதைத் தாங்கும் மூன்று கால்களில் ஒன்று மடங்கியிருந்தது. குறடால் நிமிர்த்தினான். சுருளைத் திரும்ப மாட்டி, மேலே ரசமட்டத்தை வைத்தான். குமிழி ஆடி அசைந்து நடுவில் வந்து நின்றது. பத்தே நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தையா ஏழு வருடம் தள்ளிப்போட்டோம்!

ஆம்லெட் வட்டமாக, ஒரே நிறத்தில் வந்தது. பெருமையோடு மகள் முன் வைத்தான்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முறுகல் பக்கம் எங்கப்பா?"

"அடுப்பை ரிப்பேர் பண்ணிட்டேன்டா கண்ணு. இனிமே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகும்."

அவள் உதடு பிதுங்கியது. "அம்மா நடுவுல வெட்டி முறுகல் பக்கத்தை எனக்குத்தான் தருவாங்க. நீங்க அதைத் தூக்கிப் போட்டுடறீங்க. இப்ப அதுவும் இல்லாமப் பண்ணிட்டீங்களே."

"அப்போ மறுபாதி?"

"அம்மா சாப்பிடுவாங்க. அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

அவன் திகைத்துப்போனான். "அம்மாவுக்கு வேகாத முட்டைன்னா குமட்டுமேடா. கல்யாணமான புதுசுல அந்த வாசனைக்கே ஓடுவா."

சொல்லியிருக்கவே கூடாது. மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

அவன் எழுந்தான். சுருள் ஆறும்வரை காத்திருந்து, நிமிர்த்திய காலைக் குறடால் மறுபடி மடக்கினான். தன் தொழிலில் ஒரு நாளும் செய்யாத காரியம். அடுத்த ஆம்லெட்டில் ஒரு பாதி கருகியே போனது. "இவ்வளவு இல்லப்பா, கொஞ்சமா" என்றாள் மகள். எவ்வளவு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லையே. இன்னும் இரண்டு வீணாயின. நான்காவதில் ஒரு பாதி முறுகி, மறு பாதி வழவழத்தது.

"சரியா வந்திருக்காடா?"

அவள் தலையாட்டினாள். கரண்டியால் நடுவில் வெட்டினாள். முறுகல் பாதியை அவன் தட்டில் வைத்தாள்.

"உனக்குத்தானே இது?"

"நீங்க சாப்பிடுங்கப்பா. எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கும்."

வேகாத பாதியில் ஒரு துண்டை வாயில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அடுத்த வாயை எடுத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் தட்டு காலியானது.

முறுகல் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாய்விட்டு அழுதான்.