வாட்ச்மேன்தான் கொலைகாரன்

என் வீட்டுக்காரர் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் கண்ணை மூடாமல் பார்த்து முடித்தது சோப்பு விளம்பரம் ஒன்றைத்தான். அதுவும் முப்பது விநாடி என்பதால்.

மனுஷனைக் குறை சொல்லியும் பயனில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. காலையிலிருந்து லென்ஸின் ஓரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் கண் தானாகச் சொருகிவிடும். டிவி முன்னால் உட்காருவார், இன்று கடைசி வரை பார்க்கப்போகிறேன் என்று சபதம் போடுவார், ஹீரோ பெயர் வருவதற்குள் குறட்டை வந்துவிடும்.

மறுநாள் காலையில் நான் டிபன் பாக்ஸ் கட்டும்போது சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, கடைசியில் என்னாச்சு என்று கேட்பார். நான் கரண்டியும் கையுமாகக் கதையைச் சொல்வேன். கதையோடு என் அபிப்பிராயமும் இலவசமாக வரும். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக இருபது நிமிஷம் நின்று கேட்பார். நடுநடுவே சந்தேகம் வேறு கேட்பார். பெண்டாட்டி பேச்சை இப்படி நின்று கேட்கிற புருஷன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஆப்பு விழுந்தது.

நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைப் பார்த்ததும் ஆட்கள் கையை விறைப்பாக்கிக்கொள்வார்கள், நரம்பு பிடிபடாது. அதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. கடைசியாக என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்பேன். பேச ஆரம்பித்ததும் கை தளர்ந்துவிடும். நல்ல படமா மோசமா என்று சொல்லி முடிப்பதற்குள் குப்பி நிறைந்துவிடும்.

அன்று சிவப்பு ஃப்ரேம் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். போன வாரம் வந்த படத்தைச் சொல்லி உதட்டைப் பிதுக்கினார்.

"ஹீரோ நாலு நிமிஷம் அழறான். ஒரு தடவையாவது மூக்கை உறிஞ்சினானா? மூக்கு ஒழுகாத அழுகை எல்லாம் சொட்டு மருந்து அழுகைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுக் காலை தக்காளி நறுக்கிக்கொண்டே நான் சொன்னது அது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

நன்றாகச் சொன்னீர்கள் என்றேன். ஐயோ, அது நான் சொன்னதல்ல, எங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் சொன்னது என்றார் அந்த அம்மாள். அந்தக் கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவராம் அந்த அம்மாள். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடும்போது எல்லோரும் பார்த்த படத்துக்குத் தீர்ப்புச் சொல்வார்களாம். மார்க் போடுவது கண் பரிசோதனைப் பலகையை வைத்து. முதல் வரி என்றால் குப்பை, கண்ணாடி போடாதவனுக்கும் அது தெரியும். கடைசி வரி என்றால் அருமை, கூர்மையான கண் இருந்தால்தான் அதன் அழகு பிடிபடும். அந்த வாரம் யார் தீர்ப்பு நன்றாக இருக்கிறதோ அவருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி. அந்த அறையில் இருப்பதே ஒரு விசிறிதான். ஏழு மாதமாக அந்த நாற்காலி லென்ஸ்காரருக்குத்தான், அவருக்குக் கடையில் நீதிபதி என்றே பெயர்.

"ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவை பார்ப்பாராம். அவரே சொன்னார்" என்றார் அந்த அம்மாள்.

முகத்தில் மாஸ்க் இருந்ததால் பிழைத்தேன். பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

எனக்கு நாற்காலி மேல் பொறாமை இல்லை. விசிறிக் காற்று அவர் மேல் படட்டும். ஆனால் அந்தக் காலை நேரம் எங்கள் இரண்டு பேருக்கானது என்று நினைத்திருந்தேன். மனுஷன் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறார். அழுகை வந்தது, மூக்கு ஒழுகத்தான் வந்தது.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பத்து சமாதானம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் ஊரே பார்க்கிற அந்த ஐஸ் ஃபேக்டரி தொடரின் கடைசி வாரம். ஐஸ் ஃபேக்டரி முதலாளியைக் குளிர் அறைக்குள் வைத்துப் பூட்டிக் கொன்றது யார் என்று நாற்பது வாரமாக இழுத்திருந்தார்கள். ஏழு மணிக்கு இவர் சபதம் போட்டார். ஏழு ஐந்துக்குத் தலை சாய்ந்தது. கொன்றது இரண்டாவது மருமகன். அவன் சாக்ஸ் ஈரமாக இருந்ததைப் பார்த்துப் பன்னிரண்டாவது வாரமே நான் கண்டுபிடித்துவிட்டேன், முடிவு தெரிந்துவிடக் கூடாதென்று இவரிடம் மட்டும் சொல்லவில்லை. கைதட்டத்தான் வீட்டில் விழித்திருக்கிற ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை வாசலில் வந்து நின்றார். யாரு என்றார்.

"வாட்ச்மேன்" என்றேன்.

வாட்ச்மேன்தான் மூன்றாவது வாரமே லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டானே என்று கேட்டார். அந்த அளவுக்கு ஞாபகம் வைத்திருந்தார், எல்லாம் நான் சொன்னதுதான். செத்தது அவனுடைய இரட்டைப் பிறவி என்று ஆரம்பித்தேன். பிறகு என்ன, வாய்க்கு வந்தபடி அளந்தேன். கள்ளச் சாவி, பொய்த் தாடி, குளிர் அறைக்குப் பின்வாசல் எல்லாம் வைத்தேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இதை எதிர்பார்க்கவே இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே டிபன் பாக்ஸோடு போனார்.

ஒரு மணிவரை இனித்தது. ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பார்கள் என்று நினைத்ததும் அந்த இனிப்பெல்லாம் போய்விட்டது. யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன், சாப்பாட்டை வாயில் வைத்தபடி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அதற்கப்புறம் வந்த யாரிடமும் நான் சினிமா பேசவில்லை. ஒரு தாத்தாவுக்கு இரண்டு தடவை குத்தினேன்.

ஆறு மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"நாற்காலி போயிருச்சு" என்றார்.

எந்த நாற்காலி என்று கேட்டு வைத்தேன். எல்லாவற்றையும் அவராகவே கொட்டினார், நீதிபதிப் பட்டம் உட்பட. வாட்ச்மேன் என்று சொன்னதும் ஃப்ரேம் பொருத்துகிறவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டதாம். கண் பார்க்கிற டாக்டரம்மாவே என்ன சத்தம் என்று உள்ளே வந்து பார்த்தாராம்.

"தூங்கிட்டேன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாமே?"

"நான்தானே தூங்கினேன், நீ தூங்கலையே" என்றார். "நீ பார்த்தா தப்பா இருக்காது. அவங்ககிட்ட, நீங்கதான் ஏதோ கவனிக்காம விட்டுட்டீங்கன்னு அரை மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில வேற வழியில்லாம, இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் என் பெண்டாட்டி சொன்னதுதான், அவ ஒரு தடவைகூடத் தப்பா சொன்னதில்லைன்னு சொல்லிட்டேன்."

சனிக்கிழமை கடை டிவியில் கடைசி வாரத்தை மறுபடி போட்டுப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. நான் போய் அந்த இரட்டைப் பிறவி வருகிற இடத்தைக் காட்டி எல்லோர் மூக்கையும் உடைக்க வேண்டுமாம்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அப்படி ஒரு சீனே இல்லைங்க."

சிவப்பு ஃப்ரேம் அம்மாளிலிருந்து பொய்த் தாடி வரைக்கும் சொன்னேன். சனிக்கிழமை நானே வந்து, பொய் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எனக்காகக் கேட்கறீங்கன்னு நினைச்சிருந்தேன். கடைக்காகத்தான் கேட்டிருக்கீங்க" என்றேன்.

அவர் குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார்.

"அந்த நாற்காலி வந்து ஏழு மாசம்" என்றார். "நீ பதினோரு வருஷமா சொல்றே. அதுக்கு முன்னாடி எதுக்குக் கேட்டேனாம்?"

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. ஆறு நாளாகப் பொருமிக்கொண்டிருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

அவர் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, நிஜமா யாரு கொன்னது?"

"கடையில சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க. நீ சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது வாரத்து ஈர சாக்ஸிலிருந்து ஆரம்பித்தேன். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மனுஷன் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.