சுவரைத் தாண்டி வந்த பாட்டு

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அருண்பாண்டியனின் செல்போனில் அந்த மின்னஞ்சல் வந்து விழுந்தது. அவனுக்கு வந்ததல்ல, அவன் மனைவி கவிப்பிரியாவுக்கு வந்தது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவளுடைய கணக்கு மட்டும் அவன் போனில் திறந்தே இருந்தது.

'உங்கள் சேனல் மீது மூன்றாவது பதிப்புரிமைப் புகார் வந்துள்ளது. ஒரு வாரத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் சேனல் நிரந்தரமாக நீக்கப்படும்.'

அவன் டிபன் பாக்ஸை மூடினான். முதல் இரண்டு புகார்களும் விளம்பர மெயில்களுக்கு நடுவே கிடந்தன. மூன்றையும் கொடுத்தது பச்சை கேட் கம்பெனி. அதற்கு நீளமாக வேறொரு பெயர் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. கேட் பச்சையாக இருக்கும், உள்ளே பெயிண்டுக்கு ரசாயனம் செய்கிறார்கள், அது போதும்.

கவிப்பிரியா ஆரணிப் பெண். இந்திப் பரீட்சை எல்லாவற்றையும் எழுதித் தேறியவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது, காய்கறிக் கடையில் ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் விரலை நீட்டி நீட்டிச் சாமான் வாங்குவதைப் பார்த்தாள். ஒரு நாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வீடியோ சேனலில் இந்தியில் விளக்கித் தமிழ் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டாள். பேச்சுத் தமிழ்தான், எழுத்து கிடையாது. 'எங்கே போகிறீர்கள்' என்று இந்த ஊரில் எவனும் கேட்கமாட்டான், 'எங்க போய்க்கினு கீற' என்றுதான் கேட்பான், அதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பாள். பார்த்தவர்கள் அவளை அக்கா என்றார்கள்.

அவள் இறந்ததை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டு அவர்கள் கருத்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். இன்னிக்கு கண்டக்டர்கிட்ட சண்ட போட்டு ஜெயிச்சேன் அக்கா. அடுத்த பாடம் எப்போ அக்கா. அருண்பாண்டியன் சாப்பாட்டு நேரத்தில் அதையெல்லாம் படிப்பான். பதில் போடமாட்டான். வீடியோக்களை எப்போதோ நகலெடுத்து வைத்துவிட்டான், அவை போனால் போகட்டும். ஆனால் கவிப்பிரியாவுக்காக யாராவது காத்திருக்கிற இடம் அது ஒன்றுதான். ஊரில் மற்ற எல்லோரும் அவளுக்கு அழுது முடித்துவிட்டார்கள்.

புகாரில் சொன்ன மூன்று வீடியோவும் பச்சை கேட் கம்பெனியின் சுவரோரச் சாலையில், ஷிப்ட் முடிகிற நேரத்தில் எடுத்தவை. ஒன்று, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்ற பாடம். கண்ணு எரியுது. மூச்சு முட்டுது. தல சுத்துது. அவள் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்கிறாள். அவளுக்குப் பின்னால், சுவருக்கு மேலே, மஞ்சளாகப் புகை போகிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன மாதம் உள்ளே வாயு கசிந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனபோது, அந்தப் பாடம் லேபர் குவார்ட்டர்ஸில் போனுக்குப் போன் பரவியது.

புகாரில் புகையைப் பற்றி எதுவும் இல்லை. பாட்டைப் பற்றி இருந்தது. ஷிப்ட் மாறும்போது கம்பெனி ஒலிபெருக்கியில் 'உழைப்பே எங்கள் மூச்சு' என்று ஒரு பாட்டுப் போடுவார்கள். அதன் சொல்லும் மெட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமாம். அது கவிப்பிரியாவின் குரலுக்குப் பின்னால் லேசாகக் கேட்கிறதாம். அனுமதி வாங்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் பைக்கை அந்தச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தான். முன்பெல்லாம் குழாய் ஸ்பீக்கர் உள்பக்கம் பார்த்திருக்கும். இப்போது சாலையைப் பார்த்துப் புதிதாக இரண்டு மாட்டியிருந்தார்கள். ஷிப்ட் மாறுகிற நேரமில்லை, இருந்தும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவன் நின்ற வரைக்கும் அது ஓயவில்லை. இனி இந்தச் சாலையில் எவன் எதைப் படம் எடுத்தாலும் அதில் இந்தப் பாட்டு இருக்கும். பாட்டு இருந்தால் அது திருட்டு. புகையும் அதே சுவரைத் தாண்டித்தான் வந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் உரிமை கோரவில்லை.

மறுநாள் காலையில் கோபால் என்றொருவர் போன் செய்தார். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி என்றார். டீ சாப்பிடலாமா என்றார். தன் நம்பர் இவருக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியை அருண்பாண்டியன் அப்போது கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும் என்று தோன்றியது.

ஹைவே ஓரக் கடையில் சந்தித்தார்கள். கோபால் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகி வைத்திருந்தார். சர்க்கரை போடாத டீ சொன்னார். பாடங்களை ரொம்பப் புகழ்ந்தார். தன் டிரைவர் பீகார்க்காரன், மேடம் வீடியோவைப் பார்த்துத்தான் தமிழ் பேசுகிறான் என்றார். இதெல்லாம் சட்டப் பிரிவு செய்கிற வேலை, தனக்குப் பிடிக்கவேயில்லை என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அந்த டாக்டர் பாடத்த மட்டும் நீங்களே எடுத்துடுங்க பிரதர். மூணு புகாரையும் நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம். சேனல் தப்பிச்சுடும்."

"பாட்டு மூணுலயும் இருக்கே."

"இருக்கு."

"அப்ப பிரச்சினை பாட்டு இல்ல."

கோபால் சிரித்தார். கிளாஸைச் சுற்றினார்.

"மறுப்பு போடணும்னா போடுங்க, உங்க இஷ்டம். ஆனா அத ஓனர் போடணும். மேடம் தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். அவங்க பேர்ல நீங்க போட்டா அது பொய் சத்தியம். உங்க பேர்ல போட்டா, ஓனர் உயிரோட இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. அப்புறம் அந்தக் கணக்கு நிக்குமா நிக்காதான்னு நான் எப்படி சொல்றது?"

திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

கேள்விப்பட்டோம். யாரிடமிருந்து? வேலைக்குப் போயும் அருண்பாண்டியனுக்கு அதே நினைப்பு. அவள் இறந்ததும் அவள் கணக்கு அவன் போனில் இருப்பதும் சேர்ந்து ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பழவேற்காட்டு ஹனீப், பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவள் போனின் திரை உடைந்து கிடந்தபோது எல்லாவற்றையும் இவன் போனுக்கு மாற்றிக் கொடுத்தவர். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்று அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. இன்று ஏன் மறுத்தார் என்று தோன்றியது.

சாயங்காலம் அவன் கடைக்குப் போனபோது ஹனீப் ஒரு போனின் கண்ணாடியை பிளேடால் நெம்பிக்கொண்டிருந்தார். அருண்பாண்டியன் நின்றபடியே கேட்டான்.

"பாய், கவி கணக்கு என்கிட்ட இருக்குன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார் கேட்டது?"

"பச்சை கேட்டு."

ஹனீப் பிளேடை வைத்தார். "அந்த ஆபீஸ் போனெல்லாம் இங்கதான் சர்வீஸுக்கு வருது. அதனால பாய்தான் போட்டுக் குடுத்துட்டாருன்னு நேரா இங்க வந்துட்ட."

அவன் மேசையில் கிடந்த உடைந்த திரைகளைப் பார்த்தான். ஹனீப் விடவில்லை.

"இன்னா அருணு, ஆரணிலேர்ந்து ஆரம்பாக்கம் வரிக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டனது யாரு, நானா? பெருசா அவங்க போட்டோ. கீழ உம் பேரு, உன் நம்பரு. பச்சை கேட்டு காம்பவுண்டுலயே வரிசையா ஒட்டிக்கினு இருந்துச்சு. அவன் என்கிட்ட வந்துதான் கேட்டுக்கணுமா?"

உண்மைதான். மைத்துனன் அடித்து ஒட்டிய போஸ்டர்கள். சேனலில் இருக்கிற அதே போட்டோ. ஊரே சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதே சுவர்களைத் தினமும் தாண்டி வேலைக்குப் போகிற அந்த ஒடிசாக்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அவர்களுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

மன்னிப்பாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹனீப் மறுபடி பிளேடை எடுத்துக்கொண்டார்.

"போ, போயி டீ குடி. சந்தேகத்துக்கெல்லாம் நான் சர்வீஸ் சார்ஜ் வாங்கறதில்ல."

சனிக்கிழமை மறுப்பு மனுவைத் திறந்தான். உரிமையாளர் பெயர் என்று முதல் கட்டம். அதிலேயே நின்றுவிட்டான். கோபாலிடம் இருப்பது ஒரே ஒரு பிடி. சேனலைப் பார்க்கிறவர்களுக்கு அவள் இறந்தது தெரியாது, தெரியக்கூடாது என்று இவன் நினைக்கிறான், அவ்வளவுதான். இவனே சொல்லிவிட்டால் பிடி விட்டுப்போகும். சொன்ன நிமிஷத்திலிருந்து அவளுக்காகக் காத்திருக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். இல்லையென்றால் கோபால் சொன்னபடி டாக்டர் பாடத்தை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கண்ணு எரியுது என்று அவள் சொன்னதை அவனே அழிக்க வேண்டும்.

இருட்டுவதற்குள் அந்தப் பாடத்தின் கீழே, அவர்கள் எழுதுகிற மாதிரியே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினான். 'நான் அவங்க ஹஸ்பண்ட். கவிப்பிரியா இப்ப இல்ல. கம்பெனி இந்த சேனல மூடப் பாக்குது. வீடியோ வேணுங்கறவங்க இறக்கி வெச்சுக்கங்க.'

வேறு சொல் எழுத விரல் வரவில்லை. இல்லை என்றால் போதும், தமிழில் யாருக்கும் புரிந்துவிடும்.

பதில்கள் வந்தன. அக்கா இல்லன்னா எங்க? இது ஹேக்கர், எதையும் அமுக்காதீங்க. கம்பெனி ஆளு, அக்காவ மெரட்டி பாஸ்வேர்ட் வாங்கிக்கினான். ஹஸ்பண்டா? அக்கா ஒரு நாள்கூட சொன்னதில்லியே.

கடைசியாக வந்ததை அவன் திரும்பத் திரும்பப் படித்தான். சரிதான், அவள் சொன்னதில்லை. பாதி வீடியோக்களில் போனைப் பிடித்திருந்தது இவன்தான், ஒன்றிலும் இவன் முகம் வராது. தைரியம் இருந்தால் அட்ரஸ் சொல்லு என்று ஒருவன் எழுதினான். அருண்பாண்டியன் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற தெருவையும் வீட்டு எண்ணையும் எழுதி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் வந்தார்கள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். இளையவன் ஒருவன் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மூத்தவர் தன் பெயர் ஜுகல் என்றார். பச்சை கேட்டில் ஒப்பந்த வேலை. கழுத்தை நீட்டி வீட்டுக்குள் பார்த்தார்.

"அக்கா ஊட்ல கீறாங்களா?"

குரல் வேறு. ஆனால் அந்த 'கீறாங்களா' அவளுடையது. கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுகிற அதே பழக்கம். அருண்பாண்டியன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல."

"எப்ப வருவாங்க?"

"வர மாட்டா. அவ இல்ல."

"வெளிய போய்க்கினாங்களா?"

"தவறிட்டா."

ஜுகல் மற்றவர்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். திரும்பியபோது முகம் இறுகியிருந்தது.

"தவறு? இன்னா தவறு? அக்கா தப்பு பண்ணமாட்டாங்க. கம்பெனி சொல்ச்சா?"

காலமாயிட்டா என்றான். மூன்று பேரும் விழித்தார்கள். போய்ச் சேந்துட்டா என்றான். எந்த ஊருக்கு என்று கேட்டார் ஜுகல். இளையவன் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மரியாதைக்காக இந்த ஊர் வைத்திருக்கிற சொற்கள் எல்லாம் தீர்ந்துபோயின.

"செத்துட்டா."

அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் முறை.

ஜுகலின் உதடு அசைந்தது. "செத்த..." என்றார். "நண்டு பாடம். உசுரு நண்டா, செத்த நண்டான்னு கேட்டு வாங்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "அதுவா?" என்றார்.

"அதுதான்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஜுகல் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. எப்போது என்று கேட்டார். மழைக்கு முன்னால் என்றான். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"அப்ப நாங்க எழுதனதெல்லாம் யார் பட்ச்சா?"

"நான்."

இளையவனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. கல்யாணப் போட்டோ கேட்டான். அருண்பாண்டியன் எடுத்துக் கொடுத்தான். இளையவன் தன் போனில் இருந்த அக்காவையும் போட்டோவில் இருந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போட்டோவில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து இவனைப் பார்த்தான். மீசை அப்போது இல்லை. கடைசியில் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

அவர்கள் எதிரிலேயே அருண்பாண்டியன் மனுவைத் திறந்தான். உரிமையாளர் பெயரில் அவள் பெயரைப் போட்டான். அவர் இறந்துவிட்டார், மனுச் செய்பவர் கணவர் என்று எழுதினான். மறுப்புக்கான காரணம் என்ற கட்டத்தில், நாங்கள் பாட்டை எடுக்கவில்லை, பொதுச் சாலையில் நின்றோம், அது சுவரைத் தாண்டி வந்தது என்று எழுதினான். ஜுகல் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினான்.

"பொகை வந்துச்சுன்னு எழுதுங்க."

"புகார் பாட்டுக்குத்தான். புகைய எழுதினா தள்ளிடுவாங்க."

"பாட்டுகூட பொகையும் வந்துச்சு. நான் உள்ள இருந்தேன். எழுதுங்க."

அவன் எழுதினான். இதனால் சேனல் பிழைக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். நாளைக்குக் கோபால் பேசுவார், குரலில் வருத்தம் இருக்கும். அனுப்பினான்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஜுகல் திரும்பினார். குவார்ட்டர்ஸில் எல்லோரும் கேட்பார்கள், என்ன சொல்வது என்று தயங்கினார்.

"அக்காவப் போயி செத்துட்டாங்கன்னு சொல்லலாமா?"

"சொல்லக்கூடாது. தவறிட்டாங்கன்னு சொல்லணும்."

"தவரிட்டாங்க."

"ரி இல்ல, றி. தவறிட்டாங்க."

"தவறிட்டாங்க," என்றார் ஜுகல். அருண்பாண்டியன் இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.