பெயர் வெட்டிய சம்படம்

நாள் தள்ளிப்போனது தெரிந்ததிலிருந்து கோவிந்தராஜுக்கும் வசந்தகுமாரிக்கும் ஒரே சண்டை. பையன்தான், செத்துப்போன அப்பாவின் பெயரைச் சூட்டிச் செங்கல்வராயன் என்று கூப்பிடுவேன் என்பது அவன் கட்சி. பெண்தான், யாமினிதான் என்பது அவள் கட்சி.

"யாமினியா? மினி லாரிக்கு வெக்கிற பேர் மாதிரி கீது" என்று அவன் சீண்டுவான். அவள் கரண்டியைத் தூக்குவாள். திருமுல்லைவாயிலில் அந்தத் தெருவே கேட்டுச் சிரிக்கும்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில், மூன்றாம் மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. "ரெண்டொரு நாள்ல தானாவே வெளிய வந்துடும்மா. வீட்லயே இருக்கலாம். ரத்தம் ரொம்பப் போனாலோ ஜுரம் அடிச்சாலோ உடனே ஓடி வந்துடணும்" என்றார். அன்றோடு சண்டை நின்றது. வீடு அமைதியாகிவிட்டதைக் கோவிந்தராஜால் தாங்க முடியவில்லை.

இரவெல்லாம் அழுத வசந்தா, காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பக்கத்து ஊட்டு நாகம்மா கக்கூஸ்ல தண்ணிய ஊத்தி உட்டுடுங்குது. நான் உடமாட்டேன்யா. எனக்கு அது புள்ள. நம்ம மண்ணுல பத்தரமா வெக்கணும்."

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவனுக்குச் சும்மா உட்கார்ந்தால் கை அரிக்கும். லீவு சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான். வெளியே வருவதை ஏந்த ஒரு பேசினை வெந்நீர் ஊற்றித் தேய்த்தான். பழைய வேட்டியைத் துவைத்து, காயவைத்து, துண்டு துண்டாகக் கிழித்து மடித்தான். நண்பன் தேவராஜின் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திவைத்தான். அவசரமென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமே. பின்னால் செம்பருத்திச் செடியோரம் குழியும் தோண்டியாயிற்று. எதில் வைப்பது என்பதுதான் பாக்கி.

ஊறுகாய் பாட்டிலைக் காட்டினான். அவள் முறைத்தாள். பரணிலிருந்து டால்டா டப்பாவை இறக்கினான்.

"எம் புள்ளைய டால்டா டப்பாலயா வெப்பே? நல்லா வருது வாயில! போய் புச்சா ஒண்ணு வாங்கிகினு வா."

சைக்கிளை மிதித்து அம்பத்தூர்ப் பாத்திரக் கடைக்குப் போனான். கடைக்காரர் சண்முகசுந்தரம் வாயை மூடத் தெரியாத மனிதர். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"கொயந்தைக்கா நைனா?"

கோவிந்தராஜ் தலையாட்டினான். பொய் இல்லையே.

"ஆயுசுக்கும் கெடக்கும், பார்த்துக்கோ. பேர் இன்னா வெட்டணும்?" பெயர் வெட்டும் மிஷினை அவர் அதற்குள் கையில் எடுத்துவிட்டார்.

கோவிந்தராஜ் சம்படத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் பெயர் நுனி நாக்கு வரை வந்தது. கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வசந்தாவின் முகமும் கூடவே வந்தது.

"யாமினி."

"தோ பார்றா, சோக்கா கீதே! இன்ஷியல்?"

"இன்ஷியல் வேணுமா?"

"அப்பன் பேர் இல்லாமயா புள்ள?"

"கோ" என்றான். மிஷின் கிர்ரென்று ஓடியது. தினமும் இரும்பு சீவுவதைக் கண் கொட்டாமல் பார்க்கிறவனால் இதைப் பார்க்க முடியவில்லை. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

வீட்டில் வசந்தா சம்படத்தைக் கழுவி, உள்ளே மெத்தென்று துணி விரித்தாள். மூடியைத் திருப்பியபோது எழுத்துகள் விரலில் நெருடின. கோ. யாமினி. எழுத்துக் கூட்டுகிறவள் போல வெகுநேரம் பார்த்தாள்.

"தோத்துட்டியா?"

"தோத்துட்டேன்."

"இன்ஷியல் வேற போட்டுகினு வந்துகீறே."

"பின்ன? எம் பொண்ணாச்சே."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாயிற்று. இரண்டுபேரும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

சாயங்காலம் வலி எடுத்தது. சம்படத்தை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"யாமினி வர்றாய்யா. கையைப் புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டான்.