டியரா, டேரா?

எனக்கு ஆங்கிலம் கண் வழியாக வந்தது, காது வழியாக வரவில்லை. என் தலைவலியே அதுதான். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ.வைத் தபாலிலேயே படித்து முடித்தேன். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாவல் திறந்து கிடக்கும். ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தால் ஒரு பக்கம், ஒரு ஜிப் மாற்றினால் இரண்டு பக்கம். எழுதச் சொன்னால் வெளுத்து வாங்குவேன். வாயைத் திறந்தால் போச்சு!

போன வருடம் எம்.ஏ. நேர்காணலில் 'சட்டில்' என்று சொல்ல வேண்டியதை, எழுத்தில் கிடக்கும் 'பி'யையும் சேர்த்து 'சப்டில்' என்றேன். 'ஐலண்ட்' என்பது என் வாயில் 'இஸ்லாண்ட்' ஆனது. அங்கே இருந்த சார் ஒருவர் திருத்தத் திருத்த நான் "சாரி சார்" சொல்லிக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன், பதினோரு சாரி. சீட் கைநழுவிப் போனது.

இந்த வருடம் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். நானும் அவளும் சேர்ந்து ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கிறோம். புதுத்துணி தைப்பதில்லை. தொளதொளப்பைப் பிடிப்பது, கிழிந்ததைத் தைப்பது, இவ்வளவுதான்.

"இந்த வாட்டியும் இல்லேன்னா பேசாம முழு நேரமும் மிஷின்ல உக்காரு. நான் ஒருத்தியா எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டுறது?" என்றாள், வாயில் குண்டூசிகளோடு.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேர்காணலுக்குக் கிளம்பினேன்.

அறையில் இரண்டு பேர். துறைத்தலைவி மேடம், தலை முழுக்க வெள்ளை முடி, குட்டையாக வெட்டியிருந்தார். பக்கத்தில் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திய ஒரு சார். போன வருடம் என்னைப் பதினோரு தடவை திருத்திய அதே ரெண்டு பேனா! பாக்கியிருந்தது ஒரே ஒரு சீட்.

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நான் நம் பேச்சில் சொல்கிறேன், அங்கே எப்படி உளறினேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஒரு தாளை நீட்டினார்கள். எட்டே வரியில் ஒரு கவிதை. எழுதியவர் பெயர் கிடையாது, வருடம் கிடையாது, எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் தருவார்கள். சத்தமாக வாசித்துவிட்டு நம் புத்திக்குப் பட்டதைச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பிலேயே எனக்கு உயிர் இதுதான். துணை ஒருத்தரும் இல்லாமல் கவிதையோடு மல்லுக்கு நிற்கலாம்.

கவிதையில் ஒரு பெண் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். இரண்டு கையிலும் பை. வாசலில் அவள் அம்மா, மகளின் சட்டைக் கையில் எதையோ பார்க்கிறாள். அந்த 'எதையோ'தான் விஷயம். T, E, A, R என்று நான்கு எழுத்து. கைமடிப்பை ஒரு சுற்று மடித்து அதை மறைக்கிறாள். "போ" என்கிறாள். கடைசி வரி: சாயங்காலத்துக்குள் அது நீண்டிருந்தது.

நான் அதை 'டேர்' என்று வாசித்தேன்.

"டியர்" என்றார் ரெண்டு பேனா சார், தலையை நிமிர்த்தாமலேயே.

எழுத்து நான்கும் ஒன்றுதான். 'டியர்' என்றால் கண்ணீர், 'டேர்' என்றால் கிழிசல். இது எனக்கு அப்போது தெரியாது, சத்தியமாகத் தெரியாது! கடைக்கு வருகிறவர்கள் "இங்க ஒரு சின்ன டேர்" என்றுதான் துணியை நீட்டுவார்கள். நான் காதால் கேட்டுப் படித்த ஒரே ஆங்கில வார்த்தை அது. கண்ணீருக்கும் அதே சத்தம்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவோட கண்ணீர் மகள் கையில விழுந்திருக்கு. அதை அவ மறைக்கிறா. மேல படிங்க" என்றார் சார்.

சாரி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது கண் கடைசி வரியில் விழுந்தது. அதை இன்னொரு தரம் மனசுக்குள் வாசித்தேன்.

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"கண்ணீர் இல்ல சார், கிழிசல். கண்ணீர்னா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிருக்கும். இது நீண்டிருக்கு. ஓரம் அடிக்காத கிழிசல்தான் சார் கையை ஆட்ட ஆட்ட நீளும். ரெண்டு கையில பை தூக்கியிருக்கா, வண்டியில ஏறியிருக்கா, கம்பியைப் பிடிச்சிருக்கா. நீளாம என்ன செய்யும்?"

"துக்கம் நீளுதுன்னு எடுத்துக்கலாமே?"

"எடுத்துக்கலாம் சார். ஆனா முதல்ல துணி நீளணும். அப்புறம்தான் துக்கம்."

சார் பேனாவைக் கீழே வைத்தார். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அப்போ இதுல அம்மா அழவே இல்லையா?" என்று கேட்டார்.

"யாருமே அழல மேடம். அதனாலதான் படிக்கிற நமக்கு அழுகை வருது."

மேடம் என்னையே பார்த்தார். "டேர்னு தெரிஞ்சேதான் வாசிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டது? சீட்டும் சுளையாக விழுந்திருக்கும். ஆனால் ஒரு கவிதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புளுக எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல மேடம். ரெண்டுக்கும் ஒரே சத்தம்னு நெனச்சேன். சார் சொன்னப்புறம்தான் தெரியும். தப்பாத்தான் ஆரம்பிச்சேன். ஆனா இப்போ மறுபடி வாசிக்கச் சொன்னாலும் டேர்னுதான் வாசிப்பேன்."

"வாசிங்க" என்றார் மேடம்.

எழுந்து நின்று வாசித்தேன். 'டேர்' வந்த இடத்தில் குரலை நன்றாக உயர்த்தினேன். முடித்ததும் மேடம் தன் குறிப்புத்தாளில் கண்ணீர் பற்றிய பத்தியைச் சரக்கென்று அடித்தார். "நாலு வருஷமா மாத்தி மாத்திக் குடுக்குற தாள்கள்ல இதுவும் ஒண்ணு, நாமளும் கண்ணீர்னேதான் வாசிச்சிட்டிருந்தோம்" என்றார் சாரிடம். சார் ஒப்புக்கொள்ளவில்லை. மேடம் விடவில்லை. நடுவில் நானும் புகுந்தேன். மூன்று பேரும் மேஜை மேல் கவிழ்ந்துகொண்டு எட்டு வரிக்குச் சண்டை போட்டோம். அடேயப்பா! என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் கண்டதில்லை. நடுவில் 'சப்டில்' கூட வாய் தவறி வந்தது, யாரும் திருத்தவில்லை.

வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அரை மணி கழித்து அலுவலக உதவியாளர் வந்து, சேர்க்கைப் படிவத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனேன். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கிழிசலைக் கண்டுபிடிச்சதுக்கா சீட்டு குடுத்தாங்க?" என்றாள் அக்கா. "நாம தெனம் முப்பது கண்டுபிடிக்கிறோமேடி!"

"அக்கா!"

"சரி சரி, அந்தக் கவிதையை இன்னொரு தரம் சொல்லு."

நம் பேச்சில் நிதானமாகச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி செருகும் பஞ்சு மெத்தையில் குத்தினாள்.

"ஆமா, அந்தம்மா ஏன் அதைத் தைக்கல?"

"என்னது?"

"ரெண்டு நிமிஷ வேலை. ஊசி நூல் இல்லாத வீடா? பாத்துட்டால்ல, தைக்க வேண்டியதுதானே? ஏன் மடிச்சு விட்டு அனுப்புனா?"

மேடம் இதைக் கேட்கவில்லை, ரெண்டு பேனா சார் கேட்கவில்லை, இத்தனை வாய் பேசிய நானும் கேட்கவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா எழுந்தாள். என் மிஷின் மேல் குவிந்திருந்த துணிகளை ஒரே அள்ளாக அள்ளித் தன் பக்கம் போட்டுக்கொண்டாள்.

"தெரியலேன்னா என்ன? ரெண்டு வருஷம் இருக்குல்ல. படிச்சிட்டு வந்து சொல்லு."